பேஸ்டி முதல் ஸ்கவுஸ் வரை: இங்கிலாந்தின் பழைய இறைச்சி உணவுகள் பிறந்தது எப்படி?

இங்கிலாந்து சாப்பாடு என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது மீனும் சிப்ஸும்தான். ஆனால் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு பழைய இறைச்சிப் பண்டம் இருக்கிறது. இவற்றில் பல அரண்மனைச் சமையல்கட்டில் உருவானவை இல்லை. சுரங்கம், நூற்பாலை, கப்பல், சீஸ் பண்ணை என்று வேலை நடந்த இடங்களில் வளர்ந்தவை. அந்தப் பெயர்களுக்காக நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு.

சீஸ் மிச்சத்தில் வளர்ந்த பன்றி

லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் மெல்டன் மௌப்ரே என்று ஒரு சின்ன ஊர். சுற்றுவட்டாரத்தில் ஸ்டில்டன் சீஸ் செய்வார்கள். பால் திரிந்து கட்டியானதும் மிஞ்சுகிற தண்ணீரை என்ன செய்வது? பன்றிகளுக்கு ஊற்றினார்கள். பன்றி பெருகியது, இறைச்சியும் பெருகியது. அதை வெந்நீரும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்த கெட்டி மாவுக்குள் வைத்துச் சுட்டதுதான் போர்க் பை.

அதே ஊர் நரி வேட்டைக்கும் பேர் போனது. குளிர்காலத்தில் குதிரையில் வந்து குவிந்த பணக்காரர்களுக்கு, பையில் போட்டுக்கொண்டு போக வசதியான இந்தப் பண்டம் பிடித்துப்போனது. 1831-ல் எட்வர்ட் அட்காக் என்பவர் லண்டன் போகும் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். பிறகு ரயில் வந்தது, வியாபாரம் எங்கேயோ போய்விட்டது.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். சாதாரண போர்க் பையில் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, அதனால் இளஞ்சிவப்பு. இது பச்சை இறைச்சி. அச்சு இல்லாமல் சுடுவதால் பக்கவாட்டில் கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கும். சுட்டபின் எலும்புச் சாறை உள்ளே ஊற்றுவார்கள், அது ஆறி ஜெல்லியாகி இடைவெளியை நிரப்பும். காற்று புகாது, சீக்கிரம் கெடாது.

ஊர்க்காரர்கள் புவிசார் குறியீடு கேட்டபோது பிரச்சினை வெடித்தது. வேறு மாவட்ட ஆலைகளில் அதே பெயரில் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனம் வழக்குப் போட்டது. அது எடுபடவில்லை. 2009-ல் குறியீடு கிடைத்தது.

கார்னிஷ் பேஸ்டி: விஷக் கதை உண்மையா?

இது தென்மேற்கு மூலையில் இருக்கிற கார்ன்வாலின் பெருமை. பார்க்க நம்ம சோமாஸ் மாதிரி, ஆனால் உள்ளங்கையை விடப் பெரியது. உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் நிற டர்னிப் கிழங்கு. மிளகும் உப்பும் மட்டும்தான் மசாலா.

பேஸ்டி முதலில் ஏழைகளின் சாப்பாடு இல்லை என்பதுதான் வேடிக்கை. இடைக்கால இங்கிலாந்தில் அது மான் இறைச்சி வைத்த பெரிய வீட்டு விருந்து. நாட்குறிப்புக்குப் பெயர் பெற்ற சாமுவேல் பீப்ஸ், மான் பேஸ்டி என்று பரிமாறப்பட்டது அப்பட்டமான மாட்டிறைச்சி என 1660-லேயே குறைபட்டு எழுதியிருக்கிறார். கலப்படப் புகார் அவ்வளவு பழசு!

அதைத் தொழிலாளியின் மதியச் சாப்பாடாக மாற்றியது கார்ன்வாலின் தகரம், செம்புச் சுரங்கங்கள். அந்தத் தாதுவில் ஆர்சனிக் விஷம் உண்டு. தொழிலாளி அழுக்குக் கையால் தடித்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, விளிம்பை மட்டும் தூக்கி எறிந்துவிடுவார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய புகைப்படங்களில் சுரங்கத் தொழிலாளர்கள் பேஸ்டியைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றிப் பிடித்திருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதே நம்பும்படி இருக்கிறது. பசித்தவர் எதற்கு எறியப் போகிறார்?

19-ஆம் நூற்றாண்டில் செம்பு, தகரம் விலை விழுந்ததும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார்கள். மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே, அமெரிக்காவின் மிச்சிகன், தெற்கு ஆஸ்திரேலியா என்று அவர்கள் போன சுரங்க ஊர்களில் பேஸ்டி இன்றும் விற்கிறது. மெக்சிகோவில் மிளகாய் சேர்த்து 'பாஸ்தே' ஆக்கிவிட்டார்கள். தமிழர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலுக்கும் கார்னிஷ் சுரங்கக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

2011-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. விதி கறாரானது: மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், மடிப்பு பக்கவாட்டில்தான், கேரட் கூடவே கூடாது. செய்வது கார்ன்வாலில், அடுப்பில் சுடுவது மட்டும் எங்கே வேண்டுமானாலும் சுடலாம்.

ஹாட்பாட்

வடமேற்கில் லங்காஷயர், பருத்தி ஆலைகளின் நாடு. ஆட்டிறைச்சி, வெங்காயம், மேலே ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய உருளைக்கிழங்கு வில்லைகள். உயரமான மண் சட்டியில் மூடி, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேக விடுவார்கள். குடும்பமே ஆலைக்குப் போய்விடும் வீட்டில் பக்கத்தில் நின்று கிளற வேண்டாத சமையல் இது. சிப்பி மலிவாகக் கிடைத்த காலத்தில் அதையும் உள்ளே போட்டார்கள். இப்போது சிப்பி விலைக்கு யார் போடுவது? எலிசபெத் கேஸ்கெல் 1850-களில் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' நாவலில் ஆலை முதலாளியே தொழிலாளர்களோடு உட்கார்ந்து ஹாட்பாட் சாப்பிடுகிறார்.

ஊர்ப் பெயரான குழம்பு

லிவர்பூல் ஆட்களை 'ஸ்கவுசர்' என்று ஏன் கூப்பிடுகிறார்கள்? லாப்ஸ்கவுஸ் என்ற மாலுமிகளின் குழம்பிலிருந்து வந்த பெயர் அது. உப்பிட்ட இறைச்சியைக் கல் மாதிரி இருக்கும் கப்பல் பிஸ்கட்டோடு கொதிக்க வைத்துச் சாப்பிட்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் நார்வேயிலும் இதே பெயரில் உறவுக்கார உணவுகள் உண்டு. லிவர்பூல் கரைக்கு வந்ததும் பிஸ்கட் போய் உருளைக்கிழங்கு வந்தது, பெயர் 'ஸ்கவுஸ்' என்று சுருங்கியது. இறைச்சி வாங்கக் காசில்லாத வீட்டிலும் அதே குழம்பு வைப்பார்கள், வெறும் கிழங்கும் வெங்காயமும் போட்டு. அதற்குப் பெயர் 'குருட்டு ஸ்கவுஸ்'. தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ்.