பீங்கான் நாய்கள்: பரிசாகக் கொடுக்குமுன்

அலமாரியிலும் கணப்புக்கு மேலுள்ள பலகையிலும் வைக்கிற சிறு அலங்காரப் பொருள்களை பிரெஞ்சுக்காரர்கள் 'பிப்லோ' என்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் அறிமுகமாகிவிட்டது. சமீபத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "பிரான்சில் இருக்கும் என் மகளின் மாமியாருக்கு நாய் பொம்மைகள் மீது கொள்ளை ஆசை. பழைய சாமான் சந்தையில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்கிறாள் மகள். எதைப் பார்த்து வாங்குவது?" நம் ஊரில் பலருக்குப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பீங்கான் நாய்களில் பிரபு வீட்டு நாய், ஏழை வீட்டு நாய் என்று இரண்டு குலம் உண்டு.

பிரபு வீட்டு நாய் பிறந்தது ஜெர்மனியில் மைசன் என்ற ஊரில். 1710-இல் அங்கே தொடங்கிய ஆலைதான் ஐரோப்பாவில் முதன்முதலில் உண்மையான பீங்கான் செய்தது. 1731-இல் அங்கே சேர்ந்த கேண்ட்லர் என்ற சிற்பி, சப்பை மூக்குள்ள பக் நாய்களை அப்படியே உயிருள்ளவை போல வடித்தார். இந்த நாய்க்கு ஒரு ரகசியமும் உண்டு. 1738-இல் போப்பாண்டவர் கத்தோலிக்கர்கள் ஃபிரீமேசன் சங்கத்தில் சேரக்கூடாது என்று ஆணையிட்டார். அதன் பின் 1740 வாக்கில் ஜெர்மனியில் பக் நாயைச் சின்னமாகக் கொண்ட ஒரு ரகசியச் சங்கம் தோன்றியது. அதில் பெண்களுக்கும் இடம் இருந்தது. 1745-இல் ஆம்ஸ்டர்டாமில் பிரெஞ்சு மொழியில் வந்த ஒரு நூல் அதன் சடங்குகளை அம்பலப்படுத்திவிட்டது! அந்தக் காலத்துப் பக் பொம்மைகளின் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

மைசன் முத்திரை நீல நிறத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள்கள். அந்த முத்திரையை மட்டும் நம்பிப் பணத்தை நீட்டிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் சாம்சோன் என்ற நிறுவனம் பழைய பீங்கான்களைப் போலவே செய்து விற்றது. வேறு பலரும் வாள் முத்திரையைப் போட்டார்கள். உண்மையான பழைய மைசன் நாயின் விலை நம் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. யாராவது மலிவாகக் கொடுத்தால் அங்கேதான் யோசிக்க வேண்டும்.

ஏழை வீட்டு நாய் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்தது. தொங்கும் காது, கழுத்தில் பொன்னிறச் சங்கிலி, அதில் ஒரு பூட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி இரட்டையாக உட்கார்ந்திருக்கும் ஸ்பானியல் நாய்கள். விக்டோரியா மகாராணி இளவயதில் டாஷ் என்ற ஸ்பானியல் வளர்த்ததும் இந்த மோகத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை என்பதால், கணப்புப் பலகையின் இரு முனைகளிலும் இந்த ஜோடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்காட்லாந்தில் இவற்றுக்கு 'வாலி டக்' என்று செல்லப் பெயர். அங்கே கல்யாணப் பரிசாகவும் கொடுத்தார்கள். பின்புறம் சுவர்ப்பக்கம் இருப்பதால் அங்கே பெரும்பாலும் வண்ணம் பூசுவதில்லை.

அந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆலைகளில் ஏராளமான சிறுவர் சிறுமியர் வேலை செய்தார்கள். 1841-இல் ஸ்க்ரிவன் என்ற அரசு ஆய்வாளர் நேரில் போய் அந்தப் பிள்ளைகளின் வாக்குமூலங்களை எழுதி வாங்கினார். சார்லஸ் ஷா என்பவர் ஏழு வயதில் இப்படி ஒரு ஆலையில் வேலைக்குப் போனார். களிமண் ஒட்டிய அச்சுகளைச் சூடான உலர்த்தும் அறைக்கு ஓடி ஓடிச் சுமப்பது அவர் வேலை. முதுமையில் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அது 1903-இல் வெளிவந்தது. மெருகுக் கரைசலில் ஈயம் கலந்திருந்ததால், அதில் பாண்டங்களை முக்கியெடுத்தவர்கள் நோயில் விழுந்தார்கள். மண்பாண்ட ஆலைகளைத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர 1864 வரை ஆயிற்று. இந்த நாய்களில் பலவற்றுக்குக் கண்ணும் மூக்கும் எழுதியவை சின்னக் கைகள்தாம். ஒரு நாயின் புருவம் சற்றுக் கோணலாக இருந்தால் அதைக் குறையென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இனி வாங்கும் விஷயம். முதலில் நாயைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். பழைய நாய்களில் பெரும்பாலானவை களிமண்ணை அச்சில் கையால் அழுத்திச் செய்தவை. கனமாக இருக்கும், அடியில் ஊசித்துளை போலச் சிறு துவாரம் மட்டுமே தெரியும். பின்னாளில் வந்தவை கூழ்க் களிமண்ணை அச்சில் ஊற்றி மிச்சத்தைக் கவிழ்த்துச் செய்தவை. அடியில் பெரிய ஓட்டை இருக்கும், எடை குறைவு. அடுத்து முன்னங்காலைப் பாருங்கள். உடம்போடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால் கூடுதல் உழைப்பு. பழைய பொன்பூச்சு மங்கலாக, கைபடும் இடங்களில் தேய்ந்திருக்கும். பித்தளைபோலப் பளபளத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குப் பிறகோ செய்ததாக இருக்கலாம். மெருகில் உள்ள நுண்விரிசல்கள் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால், சாயத்தில் ஊறவைத்ததோ என்று சந்தேகப்படுங்கள்.

ஜோடியாக விற்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அளவும் மண்ணின் நிறமும் ஒத்துப்போக வேண்டும், ஆனால் கையால் எழுதிய முகம் இரண்டிலும் அச்சடித்தாற்போல் இருக்காது. வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து ஜோடி என்று விற்பவர்களும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் சட்டியைத் தட்டிப் பார்ப்பார்களே, அதேபோல விரலால் மெதுவாகத் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

பழைய ஜோடிக்குக் கையில் பணம் போதவில்லை என்றால் ஒற்றை நாய் வாங்கலாம், மிகவும் மலிவாகக் கிடைக்கும். பிற்காலத்து நகலைக்கூட வாங்கலாம், நகல் என்று தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால் மூடிமறைத்துக் கொடுக்காதீர்கள். எந்த ஊர்ச் சந்தையில், எந்தத் தேதியில், என்ன சொல்லி விற்றார்கள், எது ஒட்டுப்போட்டது என்று ஒரு தாளில் எழுதி, ரசீதோடு பெட்டிக்குள் வையுங்கள். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இதை வற்புறுத்துகிறேன். சம்பந்தி வீட்டில் பிறகொரு நாள் யாராவது விவரம் தெரிந்தவர் வந்து நாயைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும், உங்கள் மகள் தலைகுனிய வேண்டியிராது.

அனுப்பும்போது இரண்டு நாய்களையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். மூக்கோடு மூக்கு உரசினால் முதலில் போவது மூக்குதான்.