பார்க்க வேண்டிய இடங்கள்: தருமபுரியின் இரண்டு நூற்றாண்டுகள், 1792 - 1992

எந்த மாவட்டத்தைப் பற்றிய கையேட்டைப் புரட்டினாலும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்றொரு பகுதி இருக்கும். தருமபுரிக்கு அது எப்படி அமையும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஒகேனக்கல் அருவி, தீர்த்தமலை, அதியமான்கோட்டை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம், கொஞ்ச காலமாக வத்தல்மலை. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி, பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், தங்கும் விடுதி உண்டா இல்லையா. அரசியல் எதுவும் இல்லாத பட்டியல் போலத்தான் தெரியும். ஆனால் 'வேண்டிய' என்ற சொல்லில் நாம் கொஞ்சம் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. வேண்டுகிறவர் யார்? ஒரு நிலப்பரப்பில் எதைப் பார்க்கலாம் என்று சொல்வது, எதைப் பார்க்காமல் போகலாம் என்று சொல்வதும்தானே?

ஃபூக்கோ மருத்துவமனையின் பிறப்பைப் பேசும்போது 'பார்வை' என்பதைக் கண்ணின் வேலையாக அல்ல, ஒரு நிறுவனத்தின் வேலையாக விளக்கினார். ஜான் அர்ரி 1990இல் அதைச் சுற்றுலாவுக்கு எடுத்துவந்தார். சுற்றுலாப் பயணி தன்னிச்சையாகப் பார்ப்பதில்லை, பார்க்கக் கற்பிக்கப்பட்டதைப் பார்க்கிறான் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் அர்ரியின் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள். நம் மலைகளில் அந்தப் பார்வைக்கு வேறொரு பிறப்புக் கதை இருக்கிறது. அது பீரங்கி வண்டிக்குப் பின்னால் வந்த கதை.

1

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு இழந்த நிலங்களில் பாராமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அது. கம்பெனி அங்கே அலெக்சாண்டர் ரீடை அனுப்பியது. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799வரை ஏழு வருஷம் மன்றோ இந்தப் பகுதியில்தான் இருந்தார். வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவன் மீதும் நேராக வரி போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

அதே 1792இல் இன்னும் இரண்டு பேர் இந்த வழியாக வந்தார்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். இரண்டு பேரும் ஓவியர்கள். சென்னையிலிருந்து பெரிய பரிவாரத்தோடு கிளம்பி, கம்பெனிப் படை போன தடத்தைப் பிடித்துக்கொண்டு பாராமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜகதேவி, ஓசூர். இவையெல்லாம் பின்னால் லண்டனில் 'ஓரியண்டல் சீனரி' என்ற படத்தொகுப்பில் வண்ண அச்சுகளாக வந்தன. காலை வெளிச்சத்தில் செங்குத்தான பாறை, உச்சியில் மதில், அடிவாரத்தில் அளவு காட்டுவதற்காக வைத்ததுபோல இரண்டு மூன்று சிறிய மனித உருவங்கள்.

படங்கள் அழகானவைதான். அதை மறுத்துப் பேசுவது போலித்தனம். ஆனால் இந்தக் கோட்டைகளில் ராயக்கோட்டை பிடிபட்டது 1791 ஜூலையில். ஒரு வருஷத்துக்குள் அது 'காட்சி' ஆகிவிட்டது. லண்டனில் அந்தப் படத்தை வாங்கியவருக்குக் கோட்டையின் உயரம் என்பது அதைப் பிடித்த படையின் உயரமும்கூட. நிலத்தை அளப்பவரும் நிலத்தை வரைபவரும் ஒரே வருஷத்தில், ஒரே உடன்படிக்கையின் நிழலில் வந்தார்கள் என்பதை வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது. ஒருவர் நிலத்திலிருந்து வருமானத்தைப் பிரித்தெடுத்தார். இன்னொருவர் தோற்றத்தைப் பிரித்தெடுத்தார். உழுகிறவன் முதல் ஏட்டில் வரிகட்டுபவனாக வந்தான், இரண்டாவதில் அளவுகோலாக நின்றான். ரேமண்ட் வில்லியம்ஸ் ஆங்கில நாட்டுப்புறத்தைப் பற்றி எழுதியபோது, உழைப்பு நடக்கும் நிலம் 'நிலக்காட்சி'யாக மாறுவதற்கு உழைப்பு மறைய வேண்டியிருக்கிறது என்று காட்டினார். பாராமகாலில் அது இரண்டு ஏடுகளாக, பக்கத்துப் பக்கத்தில் நடந்தேறியது.

2

இதற்கு முன்னால் இங்கே யாரும் ஊர் பார்க்கப் போகவில்லையா? போனார்கள். தீர்த்தமலைக்கு ஏறினார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் முழுக்குப் போட்டார்கள், சாமி சிலைகளை எடுத்துவந்து ஆற்றில் கழுவிப் போனார்கள். இன்றும் போகிறார்கள். அந்தப் பயணத்தில் மலையும் ஆறும் காட்சிப் பொருளாக எதிரே நிற்பதில்லை. பயணி அதில் இறங்குகிறான், நனைகிறான், வேண்டுதல் முடித்துத் திரும்புகிறான். அந்தப் பழைய பயணம் புனிதமானது, சமத்துவமானது என்று நாம் கதை கட்டிவிடக் கூடாது. எந்தத் துறையில் யார் குளிப்பது, எந்தக் கோயிலில் யார் எதுவரை போவது என்பதைச் சாதி எப்போதும் தீர்மானித்தே வந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றே ஒன்று: அங்கே பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் முழுக்கப் பிரிந்துபோகவில்லை.

இன்னொரு பார்வையும் இந்த மண்ணில் இருந்தது. தருமபுரி நடுகற்களின் நிலம். பக்கத்துச் செங்கம் வட்டாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் நடுகற்கள் அடர்த்தியாகக் கிடைத்த பகுதி இதுதான். 1970களில் இரா. நாகசாமி காலத்துத் தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படித்து வெளியிட்டபிறகுதான் பல்லவர் காலத்து எளிய மனிதர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தன. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள், ஊர் காக்க நின்றவர்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கள்ளர்களோடு சண்டை போட்ட ஒரு நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. அதன் பெயர்கூட எழுதப்பட்டிருக்கிறது: கோவிவன்.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு துறைகளாகச் சொல்கிறது. முதல் துறையின் பெயர் 'காட்சி', கடைசித் துறை 'வாழ்த்து'. காட்சி என்றால் இங்கே மலைக்குப் போய், செத்தவனுக்கு ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. மலையைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருந்தது: இறந்தவன் பேர் எழுத ஒரு கல் வேண்டும். பார்வை நினைவில் போய் முடிந்தது. இந்தச் சொல்தான் இன்றைக்குக் 'காட்சிக் கோபுரம்', 'காட்சி முனை' என்று பலகைகளில் எழுதப்படுகிறது. சொல் தேயவில்லை, அது சுட்டிய கடமை தேய்ந்துவிட்டது.

3

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு கிழித்த இடத்தில் மாடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் குற்றமாயின. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சாமையும் தினையும் விதைத்த மலையாளிப் பழங்குடிகள் தங்கள் காட்டுக்குள்ளேயே அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். சந்தனம் அரசின் சொத்து. ஆனால் அதை வெட்டிச் சுமக்கும் கை மட்டும் மலைக்காரனுடையது. வாங்கி விற்றுக் கொழுத்தவர்கள் சமவெளியில் பத்திரமாக இருந்தார்கள்.

1992 ஜூன் 20. அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சனத்தை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டிக் கலந்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். ஊர் வெறிச்சோடியது.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் வழக்கு சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்துக்கு. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. தீர்ப்புக்கு முன் நீதிபதி ஊருக்கு நேரில் வந்து பார்த்தார். அந்த ஊர் 'பார்க்க வேண்டிய இடம்' ஆக முப்பது வருஷம் ஆயிற்று, அதுவும் ஒரு நாளைக்கு, ஒரு நீதிபதிக்கு.

1792இல் பார்வைக்குள் கொண்டுவரப்பட்ட மலை, 1992இல் தன் மக்களை என்ன செய்தது என்று கேட்டால், இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியாதுதான். ஆனால் மலையை வருமானமாகவும் தோற்றமாகவும் பிரித்துவிட்ட பிறகு அங்கே வாழ்கிறவர்கள் இரண்டிலும் மிச்சமாக, தொந்தரவாக ஆனார்கள் என்பதை மறைக்கவும் முடியாது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுடப்பட்ட 20 பேரில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். சொந்த மலையில் பிழைப்பில்லாதவன் இன்னொரு மலையில் செத்தான்.

4

இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதல்ல. 'பால்கன்' என்பது மலையைக் குறிக்கும் துருக்கியச் சொல். மலையின் பெயர் ஒரு பிரதேசத்தின் பெயராகி, பிறகு உடைந்து சிதறுவதற்கான வசைச்சொல்லாக ஆன வரலாற்றை மரியா தொதரோவா 1997இல் நூலாக எழுதினார். போஸ்னியாவில் விஷெகிராத் என்றொரு மலையூர். திரீனா ஆற்றின் மீது 16ஆம் நூற்றாண்டுப் பாலம். ஐவோ ஆந்திரிச்சின் நாவலால் உலகறிந்தது. 1992 கோடையில், வாச்சாத்தி எரிந்த அதே மாதங்களில், அந்தப் பாலத்தின் மீது முஸ்லிம்களைக் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். ஊரருகே வெந்நீரூற்று விடுதி ஒன்றில் பெண்களை அடைத்து வைத்து வன்புணர்ந்தார்கள். 2007இல் பாலம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த விடுதியும் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பாலத்தைப் பார், குளி, மலையேறு. அங்கே செத்தவர்களின் பேரை மட்டும் கேட்காதே.

நம் பக்கம் இதற்கு வேறு வடிவம். வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிறந்த கோபிநத்தத்தில் இன்று கர்நாடக அரசு நிறுவனத்தின் காட்டு முகாம் நடக்கிறது. பயம் சாகசமாக விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அவரைத் தேடிய அதிரடிப்படையால் சிதைக்கப்பட்டு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு பரிந்துரைத்த 89 பேரின் ஊர்களுக்கு எந்த வண்டியும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போவதில்லை. நாய்க்கன்கொட்டாயில் அப்பு, பாலன் சிலைகள் இருக்கின்றன. அவையும் நம் காலத்து நடுகற்கள்தான். செப்டம்பர் 12 அன்று அங்கே போகிறவர்களைத்தான் போலீஸ் 'பார்க்கிறது'.

5

சரி, அப்படியானால் ஒகேனக்கல்லுக்குப் போவதே குற்றமா? வாரத்தில் ஆறு நாள் திருப்பூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலை பார்ப்பவன் பிள்ளைகுட்டியோடு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டுப் போவதை எந்தக் கோட்பாடும் குறை சொல்லத் தேவையில்லை. கேள்வி வேறு.

அந்த அருவியைச் சுற்றியுள்ள மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் காவியேறி, முட்டி வளைந்து, முதுகு கூனிப்போன தலைமுறைகள். காவிரி கண்ணெதிரே புகைந்து விழ, குடிப்பதற்கு விஷத்தண்ணீர். ஜப்பானியக் கடனோடு 1,928 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கியபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு, இங்கே உண்ணாவிரதம், சினிமாக்காரர்களின் மேடை. 2013இல்தான் தண்ணீர் வந்தது. ஒரு நதி நெடுங்காலம் பார்ப்பதற்கு மட்டும் இருந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி தேவையில்லை.

பரிசல்காரரையே எடுத்துக்கொள்வோம். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய அந்தக் கூடை ஓட்டம் ஆற்றைக் கடக்கவும் மீன் பிடிக்கவும் பிறந்தது. இன்று பயணி இல்லையென்றால் பரிசல் இல்லை. வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை. மேட்டூர் நிரம்பியதென்று டெல்டா கொண்டாடும் நாளில் இவர் வீட்டில் வருமானம் இல்லை. பாறையின் ஒவ்வொரு சுழியும் தெரிந்தவர், எத்தனை பேரை ஏற்றலாம், எங்கே ஓட்டலாம் என்ற முடிவுகளில் கூப்பிட்டுக் கேட்கப்படும் ஆளாக இல்லை, உத்தரவு வாங்கும் ஆளாக இருக்கிறார். டேனியல் படத்தின் அடிவாரத்து உருவம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

வத்தல்மலையில் இப்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த மலைக்குத் தார்ச்சாலை வந்தது நல்லது. அதே சாலையில் நிலம் தேடுகிறவர்களும் ஏறி வருகிறார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பது தமிழ்நாட்டில் பல வருஷம் நீதிமன்ற உத்தரவால் தேங்கிக் கிடந்தது. பட்டா முந்துகிறதா, விடுதி முந்துகிறதா என்பதுதான் அந்த மலையின் அடுத்த ஐம்பது வருஷத்தைத் தீர்மானிக்கும். இதில் எழுதுகிறவர்களுக்கும் இயக்கக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. கிராமசபையின் சம்மதமில்லாமல் சுற்றுலாத் திட்டம் மலையேறக் கூடாது என்று கேட்பது ஒன்று. மாவட்டத்துக்கு நாமே ஒரு கையேடு எழுதுவது இன்னொன்று. அதில் ஒகேனக்கல் இருக்கட்டும், நடுகற்கள் இருக்கட்டும், வாச்சாத்தியின் ஆலமரமும் இருக்கட்டும். எந்தப் பேருந்து, எத்தனை கிலோமீட்டர், அங்கே என்ன நடந்தது, யார் பேர் சொல்ல வேண்டும் என்பதை அந்த ஊர் மக்களே சொல்லி, அவர்கள் சம்மதித்த அளவுக்கு எழுதுவோம்.