ஆனைமலையில் எஃகுக் கயிறு

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழுந்து, பரம்பிக்குளம், வால்பாறை, மூணாறு என்று தொடர்ந்து சென்று, போடிநாயக்கனூருக்கு மேலே வந்ததும் சரேலென்று தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்கிவிடுகிற மலைப் பிரதேசத்துக்குள், சென்ற நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களிலேயே இரும்பும் எஃகும் இரண்டு பக்கங்களிலிருந்து ஏறி வந்தன. கிழக்கே, தேயிலையின் பொருட்டு, 1902-ல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. மேற்கே, தேக்கு மரத்தின் பொருட்டு, கொச்சி சமஸ்தானத்தார் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரையில் அமைத்த டிராம்வே 1907-ல் ஓடத் தொடங்கியது. இவற்றைப் போட்டவர்களின் பெருமையைச் சொல்லச் சரித்திரத்தில் இடம் இருக்கிறது. போட்ட பிறகு, தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் விடாமல் கொட்டும் அந்தக் காட்டில், துருவேறாமலும் தேய்ந்து அறுந்துபோகாமலும் அந்தச் சாதனங்களைக் காத்து நின்ற மிஸ்திரிகளுக்கும் பிட்டர்களுக்கும் அதில் இடம் மிகக் குறைவு.

கொச்சி டிராம்வேயைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ராஜரிஷி என்று பிரசித்தி பெற்ற ராமவர்மா மகாராஜாவின் ஆட்சியில், காட்டிலாகா அதிகாரியாக இருந்த கோல்ஹாஃப் என்பவர் எடுத்த முயற்சியில் உருவான இந்தப் பாதை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளமுள்ளது, மீட்டர் கேஜ். இஞ்சின்கள் பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டீன் அண்ட் கோப்பெல் கம்பெனியிலிருந்து வந்தவை. ஆனால் எந்த இஞ்சினும் ஏற இயலாத செங்குத்தான சரிவுகள் வழியில் குறுக்கிட்டன. அவ்விடங்களில் இஞ்சினையே நம்பாமல், சரிவின் உச்சியில் பெரிய சக்கரம் ஒன்றை நாட்டி, அதில் எஃகுக் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டிகளையும் மறு முனையில் காலி வண்டிகளையும் பூட்டினார்கள். இரட்டை வாளி கட்டிய கிணற்றுக் கப்பியைப் போல, பாரம் தன் கனத்தினாலேயே கீழே இறங்கும்போது வெறும் வண்டிகள் மேலே ஏறின. நீராவி வேண்டாம், விறகு வேண்டாம், வேண்டியதெல்லாம் ஒரு பிரேக்கும், அதைப் பிடிக்கும் மனிதனும், அறாத கயிறும்.

இந்தக் கயிறு தோன்றிய வரலாறே யந்திரப் பராமரிப்பு என்ற சாஸ்திரத்தின் முதல் அத்தியாயம் என்பது என் அபிப்பிராயம். ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களை மேற்பார்த்துவந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற உத்தியோகஸ்தர், நேற்று வரை தாங்கிய பாரத்தையே இன்று தாங்கமாட்டாமல் இரும்புச் சங்கிலிகள் அறுந்துவிடுவதைக் கவனித்து, 1829 வாக்கில் ஒரே சங்கிலியின் மீது பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பரீட்சை செய்தார். இரும்பும் களைத்துப்போகும் என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் அவரே முதல்வர். 1834-ல் அவர் இரும்புக் கம்பிகள் நான்கை ஒரு புரியாகவும், அத்தகைய புரிகள் மூன்றை ஒரு கயிறாகவும் கையால் முறுக்கி, கிளவுஸ்தால் சுரங்கத்தில் இறக்கினார். சங்கிலியில் ஒரு வளையம் விட்டால் எல்லாம் விட்டது. கயிற்றில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கிக்கொள்வதோடு, அறுந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்று, பார்க்கக் கண்ணுள்ளவனுக்கு அபாயத்தை அறிவித்துவிடுகிறது.

பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நிபந்தனை. கயிறு பார்க்கும் தொழிலில் தேர்ந்தவர்கள் ஓடும் கயிற்றின் மேல் பஞ்சுக் கழிவையோ பழந்துணியையோ லேசாகப் பிடித்துக்கொள்வார்கள். அறுந்த கம்பி முனை எங்கே இருக்கிறதோ அங்கே நூல் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்தி, இன்ன நீளத்துக்குள் இத்தனை முனைகள் என்று எண்ணி, இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று தீர்மானிப்பார்கள். எண்ண முடியாத சேதமும் உண்டு. கயிற்றின் நடுவே எண்ணெயில் ஊறிய சணல் கரு ஒன்று இருக்கிறது. கயிறு சக்கரத்தில் வளையும்தோறும் அந்தக் கரு எண்ணெயைக் கசிந்து கம்பிகளை உள்ளிருந்து நனைக்கிறது. மழைக்காலத்தில் எண்ணெய் வற்றி, அதன் இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், வெளியே பளபளப்பாகவும் உள்ளே துருப்பொடியாகவும் ஒரு கயிறு வெகுநாள் நின்று எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கக்கூடும். ஆகையால் மசகு பூசுவது அழகுக்காகச் செய்யும் வேலையல்ல. 1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டபோது பெர்லின் சாமான் எதிரி நாட்டுச் சாமானாகிவிட்டபடியால், உதிரி பாகம் வேண்டுமென்று கடிதம் எழுதிக் காத்திருக்கும் வசதியும் அற்றுப்போயிற்று. சாலக்குடிப் பட்டறையே கதி.

குண்டளையில் நடந்தது வேறு மாதிரி. அங்கே முதலில் வந்தது யூவிங் என்ற ஆங்கிலேயரின் முறை: வண்டியின் பெரும் பாரம் ஒரே தண்டவாளத்தின் மீது, சாய்ந்துவிடாமல் காப்பதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாதாரண ரஸ்தாவில் உருளும், இழுப்பவை காளைகள். தண்டவாளத்தையும் பேணவேண்டும், ரஸ்தாவையும் பேணவேண்டும், காளைகளுக்கு லாடமும் அடிக்கவேண்டும் என்ற இந்த மும்மடங்கு உபத்திரவம் ஆறு வருஷங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. 1908-ல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயிலாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப் பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு மேலுள்ள பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியேறிப் போடிக்குப் போயின. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறிவந்த ஜனங்களின் உழைப்பெல்லாம் அந்தப் பெட்டிகளில் அடங்கியிருந்தது.

1924 ஜூலை மாதம், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் நினைவுகூரும் பெருமழையில், அந்த ரயில் பாதை அழிந்தது. மறுபடி அதை யாரும் கட்டவில்லை. இதை யந்திரத்தின் தோல்வி என்று நான் கருதவில்லை. எத்தனை திறமையான பிட்டரானாலும் மலையே சரிந்து வரும்போது ஸ்பானரைக் கொண்டு என்ன செய்யமுடியும்? ஆனால் தண்டவாளம் தன் நீளம் முழுவதும் மண்ணை நம்பிக் கிடக்கிறது, கயிறோ தூண்கள் நிற்கும் சில இடங்களில் மட்டுமே மண்ணை நம்புகிறது என்ற உண்மை அந்த வெள்ளத்தில் வெளிப்பட்டது. ரயில் போன இடத்தில் பின்னர் கயிற்றுப் பாதையும், அதன் பிறகு லாரியும் வந்ததற்கு இதுவும் காரணமாயிருக்கலாம். மலையடிவாரத்தில் 1928-ல் போடி வரைக்கும் வந்த ரயிலோ, இரண்டாம் யுத்தத்தின்போது 1942-ல் இரும்புக்காகவே பெயர்த்தெடுக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகே திரும்பியது.

கொச்சி டிராம்வே வெள்ளத்தால் சாகவில்லை, கணக்கால் செத்தது. காட்டில் மரம் குறைந்துகொண்டே வந்தது. செலவு அவ்வாறு குறையவில்லை. எப்படிக் குறையும்? பத்து வண்டி இறங்கினாலும் ஒரு வண்டி இறங்கினாலும் துரு ஒரே வேகத்தில்தான் ஏறுகிறது. ஓடாமல் கிடக்கும் கயிறு ஓடும் கயிற்றைவிடச் சீக்கிரம் கெடுவதும் உண்டு. கணக்குப் புஸ்தகத்தில் மசகெண்ணெய்க்கு ஒரு பத்தி இருக்கிறது. மசகெண்ணெயினால் நேராமற்போன விபத்துக்குப் பத்தி எதுவும் கிடையாது. 1963-ல் டிராம்வே மூடப்பட்டது.

டிராம்வே ஏறிச் சென்ற அதே பரம்பிக்குளத்தில், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் எழும்பிய அணை ஒன்று இருக்கிறது. மண் கேரளத்துப் பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாட்டு அரசு. மூன்று மதகுகளும் எதிர்எடையின் உதவியால் ஏறி இறங்குபவை. 2022 செப்டம்பர் 21-ந் தேதி விடியுமுன், அவற்றில் ஒன்றைத் தாங்கிய சங்கிலியும் எதிர்எடையும் கைவிட்டுவிட, மதகு பெயர்ந்து வெள்ளத்தோடு போயிற்று. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் வெளியேற, கீழே சாலக்குடி ஆற்றங்கரை மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. அணையின் நீர் மதகின் அடிமட்டத்துக்கு வடியும் வரையில் பழுது பார்க்க வந்தவர்கள் கரையில் நின்று காத்திருந்தார்கள்.