பின்வாங்கிய படையும் பின்தங்கி வந்த செய்தியும்



ஒரு நாட்டில் நிலைகொண்டிருக்கும் அந்நியப் படை பின்வாங்கத் தொடங்கினால், அந்த நாட்டுப் பத்திரிகைகள் அதை எப்படி எழுதும்? இதற்குத் தூரதேசத்து உதாரணம் தேவையில்லை. 1941 டிசம்பரிலிருந்து 1942 பிப்ரவரி வரை, பிரிட்டிஷ் படை மலாயாவை வடக்கிலிருந்து தெற்காகக் கைவிட்டுப் போன எழுபது நாட்களையே பார்ப்போம்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி, விடியுமுன்னரே ஜப்பானியர் கோத்தாபாருவில் கரையிறங்கிவிட்டார்கள். அன்றைய பத்திரிகைகளில் வெளிவந்ததோ தளபதி புரூக்-பாப்பம் விடுத்த அறிக்கை. நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், ஏற்பாடுகளெல்லாம் சோதித்துப் பார்க்கப்பட்டவை என்பது அதன் சாரம். இரண்டே நாளில் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பெரும் போர்க்கப்பல்களும் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. அச்செய்தியை மறைக்கவில்லை, அன்றே வானொலியில் அறிவித்தார்கள். மறைக்க முடியாத பெரிய சேதத்தைச் சொல்லிவிட்டார்கள். ஆனால், தினந்தோறும் நடந்த பின்வாங்கலைச் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியிட்டார்கள்.

அப்போது சிங்கப்பூரில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்', 'மலாயா டிரிபியூன்' முதலிய ஆங்கில ஏடுகள் இருந்தன. தமிழில் 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவை இருந்தன. போர்ச் செய்தி எல்லாம் தணிக்கையைத் தாண்டித்தான் அச்சேற வேண்டும். தமிழ்ப் பத்திரிகையாளருக்கு இன்னொரு அச்சமும் இருந்திருக்கும். அதே 1941-ஆம் ஆண்டு மே மாதம், கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, 'தமிழ் நேச'னில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அதைப் பார்த்தவர்கள் பேனாவைச் சற்று நிதானித்துத்தானே எடுப்பார்கள்?

இராணுவ அறிக்கைகளுக்கென்று ஒரு தனி மொழி இருந்தது. தோற்றோம் என்ற சொல் வராது. "முன்னரே ஆயத்தம் செய்த நிலைகளுக்குப் படை நகர்ந்தது" என்ற வகையில் எழுதுவார்கள். இதில் ஓரளவு நியாயமும் உண்டு. நம் படை இருக்கும் இடத்தை எதிரிக்குச் சொல்லிக்கொடுக்க எந்தத் தளபதியும் சம்மதிக்கமாட்டார். ஆனால் சொற்களை மாற்றலாம், ஊர்ப் பெயர்களை எவ்வளவு காலம் மறைக்க முடியும்? டிசம்பர் நடுவில் கெடாவிலுள்ள ஜித்ரா. அப்புறம் பேராக் ஆறு. மாதக் கடைசியில் ஈப்போ. புத்தாண்டில் கம்பார். ஜனவரி 7-இல் சிலிம் ரிவர். 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. இந்தப் பெயர்களில் பல ரயில் நிலையங்கள் அல்லவா? ரயிலில் போய்வந்த எவரும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்திருந்தால், படை எந்தத் திசையில் "நகர்கிறது" என்பது புரிந்திருக்கும்.

இதிலெல்லாம் மனத்தை மிகவும் வருத்துவது பினாங்குக் கதைதான். டிசம்பர் 11-ஆம் தேதி ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற மக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் இரவோடு இரவாகத் தீவை விட்டு அனுப்பப்பட்டார்கள். 16, 17-ஆம் தேதிகளில் படையும் எஞ்சிய வெள்ளைக்கார அதிகாரிகளும் போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எவருக்கும் முன்னறிவிப்பு இல்லை.

அந்த வேளையில் முன்வந்து நின்றவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். பெயர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், பினாங்கு 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ'வின் ஆசிரியர். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்து அமைத்த சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். படை போய்விட்டது, இனிக் குண்டு போட வேண்டாம் என்ற செய்தி பினாங்கு வானொலியிலிருந்து ஒலிபரப்பாயிற்று. பத்திரிகையில் போட வழியில்லாத செய்தியை, பத்திரிகைக்காரர் கொடியாலும் வானொலியாலும் சொன்னார்! ஜப்பானியர் 19-ஆம் தேதி நுழைந்தார்கள். அழிக்காமல் விட்டுப்போன அந்த நிலையத்தையே பிறகு தங்கள் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் இதைப் பற்றி வானொலியில் என்ன சொன்னார் தெரியுமா? பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள் என்று பொருள்படப் பேசினார். மக்களில் பெரும்பாலோர் பினாங்கிலேயே அல்லவா இருந்தார்கள்? அவர் கணக்கில் மக்கள் என்றால் யார் என்பது கேட்டவர்களுக்கு விளங்கிவிட்டது. சினம் பரவவே, இனி வெளியேற்றத்தில் இனபேதம் இராது என்று கவர்னர் ஷென்டன் தாமஸ் ஆசியத் தலைவர்களுக்கு உறுதி சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள் என்றும் சொல்லிவிடக்கூடாது. 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆசிரியர் சீபிரிட்ஜ், சிவில் நிர்வாகத்தின் மெத்தனத்தைத் தாக்கி எழுதினார். 'ரிபல்ஸ்' மூழ்கியபோது அதிலிருந்து உயிர் தப்பிய அமெரிக்க வானொலி நிருபர் செசில் பிரவுன் கடுமையாக விமர்சித்தார். 1942 ஜனவரியில் அவருடைய அனுமதியையே பறித்துவிட்டார்கள்.

தோட்டங்களின் நிலை என்ன? பத்திரிகை வந்தால் அநேகமாகக் கிராணியார் வீட்டுக்குத்தான் வரும். அவர் வாசித்துச் சொன்னால் லயத்துக்குத் தெரியும். பல தோட்டங்களில் துரைமார் காரில் ஏறிப் போனதே முதல் செய்தியாக இருந்தது. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று ரப்பருக்குத் தீ வைத்தார்கள். மரம் வெட்டப் போனவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பார், அரிசி எங்கே கிடைக்கும் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை. பத்து நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால், ஒரு மூட்டை அரிசியாவது சேர்த்து வைத்திருக்கலாமே!

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வெளிவந்த 'சண்டே டைம்ஸ்' ஒற்றைத் தாளாகச் சுருங்கியிருந்தது. சிங்கப்பூர் நிற்க வேண்டும், நிற்கும் என்ற கவர்னரின் வாக்கு அதன் முகப்பில் இருந்தது. அன்று மாலையே நகரம் சரணடைந்தது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 20-இல் ஜப்பானியரின் 'சியோனான் டைம்ஸ்' வந்துவிட்டது. 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் பணிந்தபோது, அந்த ஏடும் செய்தியை உடனே போடவில்லை. சில நாட்கள் தாமதித்தது. 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' மீண்டும் வெளிவந்தது அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி.