வாஷிங்டன் மேசையும் லக்ஸன்பர்க் அரண்மனையும்

உலகின் எதிர்காலத்தை ஆராய்வது என்றால் ஜோதிடத்துக்குச் சற்று நாகரிகமான பெயர் என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. அந்த ஆய்வை இளைஞர்கள் கூடவே இருந்து பழகிக்கொள்ள இடம் தரும் நிறுவனங்களில் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, ஜெரோம் கிளென், தியோடர் கார்டன் ஆகியோரின் முயற்சியில் 1996-இல் உருவான மில்லினியம் பிராஜெக்ட். வாஷிங்டனில் சிறிய அலுவலகம், ஊர் ஊருக்கு 'நோடு' என்ற பெயரில் கிளைக் குழுக்கள். மற்றது, பயன்பாட்டு அமைப்புப் பகுப்பாய்வுக்கான பன்னாட்டு நிறுவனம். பனிப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1972-இல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உட்பட 12 நாடுகளின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டுத் தொடங்கியது. வியன்னாவுக்குத் தெற்கே லக்ஸன்பர்க் என்ற சிற்றூரில், ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் பழைய அரண்மனையில் இயங்குகிறது. அதன் பெயர் நீளமானது. ஊர்ப் பெயராலேயே அழைப்போம்.

வாஷிங்டனில் இன்டர்னாகச் சேர்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாசிப்பு வேலை. தண்ணீர், எரிசக்தி, பெண்களின் நிலை, நாடுகடந்த குற்றக் கும்பல்கள் என்று 15 உலகச் சவால்களை இந்த அமைப்பு தொடர்ந்து கவனித்து வருகிறது. ஒவ்வொன்றின் நிலவரத்தையும் ஓரிரு பக்கத்துக்குள் சுருக்கிப் புதுப்பிக்க வேண்டும். கேட்க எளிது. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் மேம்பட்ட குடிநீர் வசதி இல்லாதவர்கள் 66.3 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சொல்லின. இரண்டாண்டு கழித்து அதே அமைப்புகள், அதே 2015-க்கு, 210 கோடி என்றன. தண்ணீர் எங்கும் வற்றிவிடவில்லை. அளவுகோல்தான் மாறியது: முன்பு பாதுகாக்கப்பட்ட கிணறோ குழாயோ இருந்தால் போதும், பிறகு வீட்டிலேயே, தேவைப்படும் நேரத்தில், கிருமியில்லாத நீர் கிடைத்தாக வேண்டும். இப்படி ஒரு வரியைத் திருத்த உட்காரும் மாணவர், எண்ணைக் கண்டதும் அதன் வரையறையைத் தேடப் பழகிவிடுவார். எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு சுருக்காகச் சொல்லித்தராது.

அங்கே கிடைக்கும் இன்னொரு பழக்கம் டெல்பி. நிபுணர்களைத் தனித்தனியே கேட்டு, மற்றவர்களின் பதிலைப் பெயர் சொல்லாமல் காட்டி, சுற்றுச் சுற்றாக மறுபடி கேட்கும் முறை. கார்டனும் ஓலாஃப் ஹெல்மரும் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் இதைக் கொண்டு நடத்திய ஆய்வு 1964-இல் வெளிவந்தது. பிற்காலத்தில் கார்டனே சுற்றுகளை எடுத்துவிட்டு, இணையத்தில் நேரடியாக நடக்கும்படி மாற்றினார். பத்துப் பேர் ஒரு பக்கம் நிற்க, ஒருவர் மட்டும் எதிரே நின்றால், அந்த ஒருவர் சொல்லும் காரணத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். டெல்பியின் உயிரே அதில் இருக்கிறது என்பேன்.

லக்ஸன்பர்க்கில் காரியம் தலைகீழ். 1977 முதல் ஒவ்வொரு கோடையிலும், ஜூன் தொடங்கி மூன்று மாதம், ஏறத்தாழ 50 முனைவர் பட்ட மாணவர்கள் வருகிறார்கள். கேள்வி அவர்களுடையது, ஆய்வுத் திட்டத்தை எழுதிக்கொண்டுதான் வர வேண்டும். வழிகாட்டி ஒருவர் உடனிருப்பார். உலகம் இனி எப்படிப் போகலாம் என்று காட்டும், காலநிலை ஆய்வாளர்கள் எங்கும் பயன்படுத்தும் ஐந்து சமூகப் பொருளாதாரப் பாதைகளின் தரவுத்தளம் இருப்பது இங்கேதான். அவற்றில் ஒரு பாதை, நாடுகள் ஒன்றையொன்று நம்பாமல் கதவடைத்துக்கொள்ளும் உலகம். அது வெறும் வாக்கியம். அத்தகைய உலகில் எத்தனை பெண்கள் பள்ளிப்படிப்பை முடிப்பார்கள், மக்கள்தொகை எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று கணக்காக்கினால்தான் கணினி மாதிரி ஓடும். வாஷிங்டனில் எண்களைக் காய்ச்சி வாக்கியமாக்குகிறார்கள். இங்கே வாக்கியத்தை உடைத்து எண்களாக்குகிறார்கள்.

எது மேல் என்று கேட்டால், வேலையின் கடினத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெயரையும் பணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாஷிங்டனில் வாசல் அகலம். முனைவர் பட்டம் வேண்டியதில்லை, துறையும் தடையில்லை. ஆனால் சம்பளம் கிடையாது. அந்த ஊர் வாடகையை அப்பா கொடுத்தால்தான் உண்டு. உழைத்தவர் பெயர் அறிக்கையின் நன்றிப் பட்டியலில் வரும். லக்ஸன்பர்க்கில் வாசல் குறுகல். நுழைந்துவிட்டால் கட்டுரை அவர் பெயரிலேயே. நல்ல கட்டுரைக்கு, ரோம் கழகத்தை நிறுவிய அவுரேலியோ பெச்செய் பெயரிலான உதவித்தொகையில் மறுபடி வந்து மூன்று மாதம் தங்கலாம். உறுப்பு நாட்டு மாணவர் என்றால் பயணச் செலவும் தங்கும் செலவும் பெரும்பாலும் அந்த நாட்டு அமைப்பிடமிருந்தே வந்துவிடும். அதாவது, எல்லோருக்கும் திறந்த கதவு வசதியுள்ளவருக்கே பயன்படுகிறது; சிலருக்கே திறக்கும் கதவில் ஏழை மாணவராலும் நுழைய முடிகிறது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

அந்தக் கதவுக்கு நம் பக்கத்திலும் ஒரு சாவி உண்டு. 2007-இல் இந்தியா அங்கே உறுப்பினரானது டைஃபாக் என்ற தொழில்நுட்ப முன்கணிப்பு அமைப்பின் வழியாக. அப்துல் கலாம் தலைவராக இருந்து 'இந்தியா 2020' தொலைநோக்கு அறிக்கைகளை உருவாக்கிய அதே அமைப்பு. கோடைக்கு ஆசைப்படுகிறவர்கள் கோடையில் விழித்துப் பயனில்லை. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரியிலேயே முடிந்துவிடுகிறது.