கணக்கில் வராத கோப்பை: மெக்சிகோ 1971

இன்னைக்கு எபிசோடை ஒரு நம்பரிலிருந்து ஆரம்பிப்போம். 91,648.

2022 ஏப்ரல் 22, பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானம். பார்சிலோனா பெண்கள் அணிக்கும் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்கும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அன்னைக்கு மேட்ச் பார்க்க வந்தவங்க எண்ணிக்கைதான் இது. பெண்கள் கால்பந்தில் இதுவரை இவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல, உலக சாதனைன்னு எல்லா நாட்டுப் பத்திரிகையிலயும் செய்தி வந்துச்சு.

இப்போ இன்னொரு நம்பர். சுமார் 1,10,000. இது 1971 செப்டம்பர் 5 அன்று, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா மைதானத்தில் கூடின கூட்டம். ஆடினது மெக்சிகோ பெண்கள் அணியும் டென்மார்க் பெண்கள் அணியும். கோப்பைக்கான இறுதிப் போட்டி.

அப்போ 51 வருஷம் கழிச்சு வந்த 91,648 எப்படி சாதனை ஆச்சு? கணக்குல தப்பு எதுவும் இல்ல. 1971-ல் நடந்த அந்தப் போட்டியே கணக்குல சேரல, அவ்வளவுதான். அதை யார் சேர்க்கல, ஏன் சேர்க்கலங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

ஆட விடாத ஐம்பது வருஷம்

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் ஆண்கள் போர்முனைக்குப் போனாங்க, பெண்கள் தொழிற்சாலைக்குள்ள வந்தாங்க. பிரெஸ்டன் நகரத்தில் டிக், கெர் அப்படிங்கிற கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணி ஆரம்பிச்சாங்க. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவங்க ஆடின மேட்சைப் பார்க்க வந்தவங்க 53,000 பேர்.

சரியா ஒரு வருஷம் கூட ஆகல. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு இல்லை, சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் யாரும் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. கவனிங்க, பெண்கள் ஆடக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. ஆட இடம் இல்லாம பண்ணிட்டாங்க. மைதானம் இல்லன்னா டிக்கெட் இல்ல, டிக்கெட் இல்லன்னா காசு இல்ல, காசு இல்லன்னா அணி எத்தனை நாள் தாங்கும்? இந்தத் தடை கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் நீடிச்சது.

இங்கிலாந்து மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. பிரேசிலில் 1941-ல் அரசாணையே போட்டாங்க, அது 1979 வரைக்கும் இருந்துச்சு. மேற்கு ஜெர்மனியில் 1955-லிருந்து 1970 வரை தடை. காரணம் மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்: பெண் உடம்புக்கு இது ஆகாது.

சங்கம் கைவிட்டதை வியாபாரம் எடுத்தது

1970-ல் இத்தாலியில் ஒரு புது அமைப்பு பெண்களுக்கான சர்வதேசப் போட்டியை நடத்திச்சு. அவங்களுக்கும் ஃபிஃபாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. பணம் போட்டது மார்ட்டினி அண்ட் ரோஸ்ஸி, மதுபான கம்பெனி. டூரின் நகரத்தில் நடந்த ஃபைனலில் டென்மார்க் 2-0 என்று இத்தாலியை ஜெயிச்சது.

அடுத்த போட்டி மெக்சிகோவுக்குப் போச்சு. அது ரொம்பப் பொருத்தமான நேரம். 1970-ல்தான் அங்கே ஆண்கள் உலகக் கோப்பை நடந்து, பெலேயின் பிரேசில் ஜெயிச்சிருந்தது. பெரிய மைதானம், டிவி கேமரா, கால்பந்துப் பைத்தியம் பிடிச்ச ஜனங்க, எல்லாம் தயார். இதை வெச்சு இன்னொரு தடவை சம்பாதிக்கலாமேன்னு வியாபாரிகள் கணக்குப் போட்டாங்க.

மெக்சிகோ கால்பந்து சங்கம் எதிர்த்தது. இந்தப் போட்டிக்கு இடம் கொடுக்கிற கிளப்புகளுக்கு அபராதம்னு மிரட்டியது. 1921-ல் இங்கிலாந்தில் பலிச்ச அதே வழி. ஆனா இங்கே பலிக்கல. ஏன்னா அஸ்டெக்கா மைதானம் சங்கத்தோட சொத்து இல்ல, அது ஒரு டிவி நிறுவனத்தின் கையில் இருந்துச்சு. மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்கா, குவாதலஹாராவின் ஹலிஸ்கோ என்று நாட்டின் ரெண்டு பெரிய மைதானங்கள்லயும் போட்டி நடந்துச்சு. சின்ன மைதானத்துக்கு அனுப்பியிருந்தா இவ்வளவு கூட்டம் உட்கார இடமே இருந்திருக்காது!

வியாபாரம்னா விளம்பரமும் வரும் இல்லையா? கோல் கம்பத்துக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடிச்சாங்க. சொச்சில் என்ற சிறுமிதான் போட்டிச் சின்னம், ரெட்டை ஜடையோட பந்து ஆடுற பொம்மை. ஆடுறவங்களோட அழகைப் பத்தி பத்திரிகைகள் பக்கம் பக்கமா எழுதினாங்க. இதெல்லாம் இன்னைக்குப் பார்த்தா சங்கடமாத்தான் இருக்கும். ஆனா விளம்பரத்தைப் பார்த்து உள்ளே வந்த ஜனங்க ஆட்டத்தைப் பார்த்துட்டு மறுபடியும் வந்தாங்க.

ஆறு அணிகள்

மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், இத்தாலி, பிரான்ஸ். மொத்தம் ஆறு அணிகள்.

இங்கிலாந்து அணியைத் திரட்டிக் கூட்டிட்டு வந்தவர் ஹாரி பேட். லூட்டன் பக்கத்தில் பஸ் ஓட்டுறது அவர் வேலை. அணியில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, லியா கேலப்புக்கு வயசு 13. ஊர்ல பூங்காவில் நாலு பேர் பார்க்க ஆடினவங்க, மெக்சிகோ விமான நிலையத்தில் இறங்கினதும் கேமரா வெளிச்சத்தைப் பார்த்து, நம்ம விமானத்தில் யாரோ பிரபலம் வந்திருக்காங்க போலன்னு நினைச்சிருக்காங்க. அந்தக் கூட்டம் வந்ததே இவங்களைப் பார்க்கத்தான்.

அர்ஜென்டினா அணி வந்த நிலைமை இன்னும் மோசம். கோச் இல்ல, டாக்டர் இல்ல, சரியான பூட்ஸ் கூட இல்ல. மெக்சிகோ வந்த பிறகுதான் பலர் முதல் முறையா ஸ்டட் வெச்ச பூட்ஸ் போட்டாங்க. அப்படி வந்த அணி, ஆகஸ்ட் 21 அன்று அஸ்டெக்காவில் இங்கிலாந்தை 4-1 என்று தோற்கடிச்சது. நாலு கோலும் எல்பா செல்வா என்ற ஒருத்தர் போட்டது!

மெக்சிகோ அணியின் நட்சத்திரம் அலிசியா வர்காஸ். ரசிகர்கள் அவங்களுக்கு வெச்ச பேர் 'பெலே'. இங்கிலாந்தை 4-0, அரையிறுதியில் இத்தாலியை 2-1 என்று ஜெயிச்சு மெக்சிகோ ஃபைனலுக்கு வந்துச்சு.

எங்க பங்கு எங்கே?

கதையில முக்கியமான இடம் இதுதான். லட்சக்கணக்கான டிக்கெட் வித்திருக்கு. சட்டை, பொம்மை, சாவிக்கொத்து எல்லாம் வித்திருக்கு. மெக்சிகோ வீராங்கனைகளுக்கு அதிலிருந்து சம்பளம்னு எதுவும் வரல. ஃபைனலுக்கு முன்னாடி அவங்க ஒரு கோரிக்கை வெச்சாங்க: 20 லட்சம் பெசோ கொடுங்க, இல்லன்னா ஆட மாட்டோம்.

அதுவரை தலையில தூக்கி வெச்சு ஆடின பத்திரிகைகள் ஒரே நாள்ல மாறிடுச்சு. நாட்டுக்காக ஆடுறதுக்குக் காசு கேக்குறாங்களேன்னு திட்டி எழுதினாங்க. கடைசியில், கேட்டது கிடைக்காமலேதான் அவங்க களத்துல இறங்கினாங்க.

எதிரில் டென்மார்க். 15 வயசு சுசான் அகஸ்டசன் மூணு கோல் போட்டாங்க. 3-0. கோப்பை டென்மார்க்குக்கு. அவங்க நாட்டுக் கால்பந்து சங்கம் அப்போ பெண்கள் கால்பந்தை ஏத்துக்கவே இல்ல, 1972-லதான் சேர்த்துக்கிச்சு. அதாவது, சங்கத்துப் பதிவேட்டில் பேரே இல்லாத ஒரு அணி உலக அளவில் ஜெயிச்சிருக்கு.

வீடு திரும்பின பிறகு

இங்கிலாந்து பிள்ளைங்களுக்கு ஊர்ல காத்திருந்தது தண்டனை. அனுமதி இல்லாத போட்டியில் ஆடினதுக்காக அவங்க மேல மாசக்கணக்கில் தடை, ஹாரி பேட்டுக்கு ஆயுள் தடை. இனிமே இதைப் பத்திப் பேசாம இருக்கிறதே நல்லதுன்னு பல பேர் பல வருஷம் வாயே திறக்கல.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ அதே 1971-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கங்கள் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கணும். ஆதரவு 31, எதிர்ப்பு 1. எதிர்த்தது ஸ்காட்லாந்து. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பொறுப்பை எடுத்தவங்க போட்டி நடத்த அவசரப்படல. ஃபிஃபா தன் முதல் பெண்கள் உலகப் போட்டியை 1991-ல்தான் சீனாவில் நடத்துச்சு. அப்பவும் உலகக் கோப்பைங்கிற பேரைக் கொடுக்கத் தயங்கி, எம் அண்ட் எம்ஸ் மிட்டாய் பேரில் ஒரு கோப்பைன்னு வெச்சாங்க. 90 நிமிஷ ஆட்டத்தை 80 நிமிஷமாக் குறைச்சாங்க. 1971-க்கும் 1991-க்கும் நடுவில 20 வருஷம். அந்த 13 வயசு லியாவுக்கு 1991-ல் 33.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஃபிஃபா பின்னாளில் அங்கீகரிச்ச முதல் பெண்கள் சர்வதேச மேட்ச், 1971 ஏப்ரல் 17-ல் பிரான்சின் ஆஸ்புரூக் ஊரில் நடந்த பிரான்ஸ்–நெதர்லாந்து ஆட்டம். அது எதுக்காக நடந்துச்சு தெரியுமா? இதே மெக்சிகோ போட்டிக்கான தகுதிச் சுற்று! தகுதிச் சுற்று அதிகாரபூர்வமானது, ஆனா அதில் ஜெயிச்சுப் போன போட்டி அதிகாரபூர்வமானது இல்லையாம்.

2023-ல் 'கோப்பா 71' என்ற ஆவணப்படம் வந்துச்சு. அதன் தொடக்கத்தில் 1999 உலகக் கோப்பையை ஜெயிச்ச அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெயினிடம் அஸ்டெக்கா காட்சிகளைக் காட்டுறாங்க. அவங்களுக்கே இப்படி ஒண்ணு நடந்தது தெரியல. இந்தத் துறையின் உச்சியில் இருந்தவங்களுக்கே தெரியலன்னா, எவ்வளவு சுத்தமா அழிச்சிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பெண்கள் ஆடினா யார் பார்ப்பாங்க, அதில் காசு எங்கே வருதுன்னு இன்னைக்கும் யாராவது கேக்குறாங்க இல்லையா? 1920-லயும் பார்த்தாங்க, 1971-லயும் பார்த்தாங்க. காசும் வந்துச்சு, ஆடினவங்க கைக்குத்தான் வரல. கூட்டம் சேர்ந்த ஒவ்வொரு தடவையும் யாரோ கதவைச் சாத்திட்டு, அப்புறம் பாருங்க, உள்ளே யாருமே இல்லன்னு சொன்னாங்க.

அர்ஜென்டினாவில் இப்போ ஆகஸ்ட் 21-ஐ கால்பந்து வீராங்கனைகள் தினமாக் கொண்டாடுறாங்க. எல்பா செல்வா நாலு கோல் போட்ட அதே நாள். ஃபிஃபா கணக்குல இன்னும் வராத நாலு கோல்.