நெய்யும் பால்மாவும்: கண்டி மலைநாட்டுப் பாற்பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாலைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் உணவு பற்றிய ஆராய்ச்சியாகவே நின்றுவிடுவதுண்டு. ஆயின், மேய்ச்சல் நிலம் யாருக்குரியது, பாலினால் வரும் உபரி யாரைச் சென்றடைகிறது என்னும் வினாக்களை விலக்கிவிட்டுப் பாலின் வரலாற்றை எழுதுதல் இயலாது. புதிய ஏற்றுமதிச் சந்தைகளைத் தேடுவதன் மூலம் தேசியப் பாற்பண்ணைத் தொழிலை வளர்த்தல் என்னும் கோட்பாட்டையும் இவ்வினாக்களின் ஒளியிலேயே மதிப்பிடல் வேண்டும்.

தமிழிலக்கியம் இவ்வினாவை மிக முற்பட்ட காலத்திலேயே தொட்டுள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், மோர் விற்றுப் பெற்ற தானியத்தால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது, எருமையையும் பசுவையும் பெறுகிறாள். இதனை முல்லை நில மகளின் வெள்ளையுள்ளம் எனக் கொள்வது பொருந்தாது. பண்டமாற்றில் கிடைத்த உபரி மீண்டும் மந்தைக்கே திரும்புகின்ற ஒரு பொருளாதாரத்தின் தருக்கம் அங்கே வெளிப்படுகிறது.

கண்டி மலைநாட்டில் இத்தருக்கம் முறிக்கப்பட்டமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காண்கிறோம். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அக்காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் நிலம் தோட்டக்காரரிடம் சென்றது. கிராமத்தார் சேனைப்பயிர் செய்ததும் மாடெருமைகளை மேய்த்ததும் அந்நிலங்களிலேதான். மேய்ச்சலிடம் குறுகியதும் தோட்ட எல்லைக்குள் நுழைந்த மாடுகள் பிடிக்கப்பட்டன. சில வேளைகளிற் சுடப்பட்டன. வயலுக்கு உழவும் எருவும், வீட்டுக்குப் பாலும் தந்த கால்நடை, தோட்ட முதலாளித்துவத்தின் கண்ணிற் குற்றவாளியாயிற்று.

அதே 1840இல், பிரித்தானியப் பேரரசின் மற்றொரு மூலையில் வைத்தாங்கி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1863ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் வைக்காட்டோ முதலிய பகுதிகளில் மவோரி மக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி பிற்காலத்திற் பசும்புல் வெளிகளாயிற்று. 1882இல் உறையவைத்த இறைச்சியும் வெண்ணெயும் ஏற்றிய ‘டனீடின்’ என்னும் கப்பல் இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. இங்குப் புல்வெளி தோட்டமாயிற்று. அங்குப் பிறர் நிலம் புல்வெளியாயிற்று. ஒரே பேரரசு ஒரு குடியேற்ற நாட்டைத் தேயிலைக்கும் மற்றொன்றை வெண்ணெய்க்கும் ஒதுக்கிய தொழிற்பிரிவினை இது.

எனினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. நியூசிலாந்திற் குடியேறிய பண்ணையாளர் பாற்றொழிற்சாலைகளைக் கூட்டுறவு முறையிற் சொந்தமாக்கிக் கொண்டனர். ஏற்றுமதி வருவாய் பெருமளவு பண்ணைக்கே மீண்டது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்ததும் அவர்களது பழைய சந்தை சுருங்கலாயிற்று. ஆசியச் சந்தைகள் மேலும் தீவிரமாக நாடப்பட்டன. அந்நாட்டின் பாலுற்பத்தியிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று ஏற்றுமதியாகிறது. இலங்கையோ 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தித் திறந்த பொருளாதாரத்தை மேற்கொண்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேதான் பால்மா நமது அன்றாட உணவாயிற்று. ஒரு நாட்டின் புதிய ஏற்றுமதிச் சந்தை மற்றொரு நாட்டின் புதிய தங்கிநிற்றலாக அமைந்தது.

இதன் விளைவு 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளிப்படையாயிற்று. 2020இல் மட்டும் பாற்பொருள் இறக்குமதிக்கு 30 கோடி டொலருக்கு மேற் செலவாகியிருந்தது. அந்நியச் செலாவணி வற்றியபோது பால்மாவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் ஒரு கிலோ 1195 ரூபாவாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பவள் ஈட்டித் தரும் டொலர் பால்மா வாங்கச் சென்றுகொண்டிருக்க, அவள் வீட்டிற் பாலில்லாச் சாயத் தேநீரே எஞ்சியது.

இத்தனைக்கும் கண்டிச் சுற்றாடலிற் பாலுக்குரிய அறிவும் அமைப்பும் இல்லாமலில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும், கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், குண்டசாலையிற் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையமும், திகனையிற் பாற்றொழிற்சாலையும் உள்ளன. மலைநாட்டின் குளிர், கலப்பினப் பசுக்களுக்கு உகந்தது. இருந்தும் உள்நாட்டு உற்பத்தி தேவையிற் பாதியையும் எட்டவில்லை.

காரணத்தை நில உறவிலே தேடல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் பலர் லயத்தை அடுத்து மாட்டுப்பட்டி அமைத்து ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கின்றனர். வேலை முடிந்த பின் ஓடையோரத்திலும் மலைச்சரிவிலும் புல்லறுத்துச் சுமந்து வருகின்றனர். பட்டி நிற்கும் நிலம் அவர்களுடையதன்று. புல் விளையும் நிலமும் அவ்வாறே. நிலவுரித்து இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதன்று. பால் சில மணி நேரத்துள் குளிரூட்டப்படல் வேண்டும். சேகரிப்பு நிலையம் தொலைவிலிருப்பின் மாலைப் பால் சந்தைக்குச் செல்வதில்லை. இறக்குமதிப் பால்மா மலிந்த காலங்களில் அவர்கள் பெறும் விலையும் தாழ்ந்தது.

அரசுடைமை மட்டும் இதற்கு விடையாகவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குச் சென்றன. ஆனால் 1948இல் குடியுரிமையை இழந்திருந்த தொழிலாளர் நிலம் பெறவில்லை. கண்டிப் பகுதித் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டபோது இருந்த குடியிருப்பையும் இழந்தனர். 1992இல் முகாமை தனியார் கம்பனிகளுக்கு மாறியபோதும் மாட்டுப்பட்டியின் நிலை மாறவில்லை.

குஜராத்தின் ஆனந்த் நகரிலே 1946இல் தோன்றிய கூட்டுறவு இயக்கம் வேறொரு வழியைக் காட்டிற்று. 1970இல் தொடங்கிய ‘வெள்ளப் பெருக்கு’த் திட்டத்தில், ஐரோப்பா நன்கொடையாக அளித்த பால்மாவை விற்ற பணமே உள்நாட்டுக் கூட்டுறவுகளையும் குளிரூட்டும் வசதிகளையும் வளர்க்கப் பயன்பட்டது. அந்நியப் பால்மா சந்தையைக் கைப்பற்றும் கருவியாகாது உள்நாட்டு மந்தையைப் பெருக்கும் முதலாக மாற்றப்பட்டது. அங்கும் நிலமற்றோரின் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. எனினும் உபரி செல்லும் திசை மாறியது.

ஆகவே, ஏற்றுமதி தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. இலங்கைப் பாலுக்கு வெளிநாட்டுச் சந்தை தேடுவோர் முதலில் மாட்டுப்பட்டிக்கு நிலவுரித்தையும், புல்லுக்கு நிலத்தையும், பாலைச் சேர்ப்போர்க்குத் தமக்கெனக் கூட்டுறவையும் தேடித்தரல் வேண்டும். அவை இன்றி வளரும் ஏற்றுமதி, கோப்பியும் தேயிலையும் சென்ற பாதையிலேயே பாலையும் கொண்டு செல்லும். ஆய்மகள் பொன்னை மறுத்துப் பசுவைப் பெற்றாள். மலையகத் தொழிலாளிக்கோ அத்தகைய தெரிவு இன்றுவரை வழங்கப்படவில்லை.